ஃபைல் இருக்கு, எழுத்தைக் காணோம்: தமிழ்நாடு ஓஎஸ் மாத்தின கதை



"அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு."
"ஃபார்மட் அடிச்சுப் புது ஓஎஸ் போட்டுரலாம்."
"உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமேண்ணே?"
"டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும். கவலைப்படாதீங்க."

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர்னு கரிசல் காட்டு ஊர்கள்ல டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, பள்ளிக்கூட ஆபீஸ் எங்க போனாலும் இருபத்தஞ்சு வருஷமா கேட்கிற பேச்சு இது. சென்னை ரிச்சி தெருவுலயும் இதே பேச்சுதான். இதுல அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, "டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்", அது உண்மைதான். ஆனா தமிழ்ல டைப் பண்ணினவங்களுக்கு அது பாதி உண்மை. அந்த மீதிப் பாதியோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

சி எதுக்கு, டி எதுக்கு?

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. ஹார்டு டிஸ்க் ஏன் 'சி'யில ஆரம்பிக்குது? ஏ, பி எங்க போச்சு? ஆரம்பகால பிசிகள்ல ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி போடுற ரெண்டு வாய்தான் இருந்தது, அதுங்களுக்குத்தான் ஏ, பின்னு பேரு. 1983-ல ஐபிஎம் எக்ஸ்டி மாதிரி ஹார்டு டிஸ்க்கோட வந்த மெஷின்கள்ல, அடுத்த எழுத்தான 'சி' அதுக்குக் கிடைச்சது. ஃபிளாப்பி காணாமப் போய் பல வருஷம் ஆச்சு. எழுத்து மட்டும் அப்படியே நின்னுருச்சு.

அப்புறம் ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிக்கிற பழக்கம் வந்தது. சி-யில ஓஎஸ், டி-யில நம்ம ஃபைல். வைரஸ் வந்தாலோ விண்டோஸ் மக்கர் பண்ணினாலோ சி-யை மட்டும் அழிச்சுட்டுத் திரும்பப் போடலாம். கரிசல் சம்சாரி வீட்டுல இதே யோசனை எப்பவோ இருந்தது. சாப்பாட்டுத் தவசம் வேற, விதைத் தவசம் வேற. மழை பொய்ச்ச வருஷத்துல சாப்பாட்டுத் தவசம் தீர்ந்து போகலாம், ஆனா விதையில கை வைக்க மாட்டாங்க. மானாவாரி பூமியில அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கிறதே அந்த விதையை நம்பித்தான்.

லினக்ஸ் உலகத்துல இந்தப் பிரிவினை இன்னும் ஒழுங்கா இருக்கு. 'ஹோம்'னு ஒரு பிரிவைத் தனியா வச்சுட்டா, ஓஎஸ்ஸை எத்தனை தடவை மாத்தினாலும் உங்க ஃபைலும் உங்க அமைப்புகளும் அங்கேயே இருக்கும்.

ஆனா விண்டோஸ்ல ஒரு ஓட்டை உண்டு. நாம ஃபைலை டி-யில வைக்கிறோம்னு நினைச்சுட்டு இருப்போம். உண்மையில பாதி ஃபைல் டெஸ்க்டாப்லயும் 'மை டாக்குமென்ட்ஸ்'லயும் கிடக்கும். அது ரெண்டும் இருக்கிறது சி-யில. ஃபார்மட் அடிச்ச பிறகு "டெஸ்க்டாப்ல வச்சிருந்தேனே!"ன்னு வர்ற அலறல் அங்கேருந்து வர்றதுதான்.

சாஃப்ட்வேர் ஏன் கூட வர மாட்டேங்குது?

அடுத்தது சாஃப்ட்வேர். டாஸ் காலத்துல பல புரோகிராம்கள் ஒரே ஃபோல்டருக்குள்ள அடங்கியிருந்தன. அந்த ஃபோல்டரை காப்பி பண்ணிக்கிட்டா வேற கம்ப்யூட்டர்லயும் ஓடிரும். விண்டோஸ் 95-க்கு அப்புறம் நிலைமை மாறிச்சு. ஒரு புரோகிராமோட ஒரு பகுதி 'புரோகிராம் ஃபைல்ஸ்'ல இருக்கும், இன்னொரு பகுதி விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போய் உட்காரும், அதோட அமைப்பு விவரமெல்லாம் 'ரெஜிஸ்ட்ரி'ங்கிற பெரிய பேரேட்டுல பதிவாகும். சி-யை அழிச்சா அந்தப் பேரேடும் போச்சு. டி-யில ஃபோல்டரைப் பத்திரப்படுத்தி வச்சிருந்தாலும் பல புரோகிராம் திறக்காது. மறுபடி இன்ஸ்டால் பண்ணியாகணும்.

அதுக்கு சிடி வேணும், சீரியல் நம்பர் வேணும். அன்னைக்கு வந்த சில இந்திய மொழி சாஃப்ட்வேர்கள் கூடவே ஒரு பூட்டும் வரும், பிரின்டர் கேபிள் செருகுற வாயில மாட்டுறது. அது தொலைஞ்சா சிடி இருந்தும் பிரயோஜனம் இல்ல. அந்த வாயே இல்லாத கம்ப்யூட்டர் வந்த பிறகு, பூட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இதுவரைக்கும் சொன்னது உலகத்துல எல்லாருக்கும் இருந்த பிரச்சினை. இனிமே சொல்லப் போறது நம்மளை மாதிரி மொழிக்காரங்களுக்கு வந்தது.

எழுத்து எங்க இருந்தது?

சி-யை அழிச்சாச்சு, புது விண்டோஸ் போட்டாச்சு. டி-யில ஃபைல் எல்லாம் பத்திரம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு விழா மலர், சங்கத்துத் தீர்மானம். டபுள் கிளிக் பண்ணிப் பார்த்தா, தமிழுக்குப் பதிலா அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

காரணம் ரொம்ப எளிமையானது. ஃபைல்தான் டி-யில இருந்தது. ஃபாண்ட் இருந்தது சி-யில, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள.

ஆங்கிலத்துல ஃபாண்ட் போனா என்ன ஆகும்? வேற ஃபாண்ட்ல தெரியும், கொஞ்சம் அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். தமிழ்ல அப்போ அப்படி இல்ல. ஒரு எழுத்துக்கு அன்னைய கம்ப்யூட்டர் ஒதுக்கினது 8 பிட், அதாவது மொத்தமே 256 இடம். அதுல தமிழுக்குன்னு தனி இடம் கிடையாது. அதனால நம்மாளுங்க ஒரு தந்திரம் பண்ணினாங்க. ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை வரைஞ்சு வச்சாங்க. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க ஆங்கிலம்தான் அடிக்கிறீங்க. கண்ணுக்குத்தான் தமிழ்.

பாமினி ஃபாண்ட்டை எடுத்துக்குங்க. இலங்கையிலயும் இங்கேயும் பரவலா ஓடினது. அதுல 'தமிழ்'னு அடிச்சா ஃபைலுக்குள்ள பதிவாகிறது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. பாமினி இருக்கிற கம்ப்யூட்டர்ல அது 'தமிழ்'. இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் ஜேகேபிஓ. அந்த விசை வரிசையும் சும்மா வந்ததில்ல. மலாயாவுல வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் ஆர். முத்தையா 1930-கள்ல வடிவமைச்ச தமிழ் டைப்ரைட்டரோட வழியில வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல படிச்ச கைக்குப் பழக்கப்பட்ட இடத்துலயே எழுத்து இருந்ததால, அது வேகமாப் பரவிச்சு.

பாமினி ஒண்ணு மட்டும்தான்னா பரவாயில்ல. ஆளுக்கு ஒரு ஃபாண்ட், ஃபாண்ட்டுக்கு ஒரு வரிசை. அரசு அலுவலகங்கள்ல வானவில், பதிப்பகங்கள்ல வேற, பத்திரிகைகள்ல வேற. ஒண்ணுல அடிச்சது இன்னொண்ணுல குப்பையாத் தெரியும். விதையைக் காப்பாத்திட்டோம், ஆனா அது என்ன விதைன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளைத் தொலைச்சுட்டோம்ங்கிற மாதிரி ஒரு நிலைமை.

நாலு முயற்சிகள்

இதைச் சரி பண்ண யாரும் முயற்சி பண்ணலையான்னு கேட்டா, நிறையப் பேர் பண்ணினாங்க.

1999 பிப்ரவரியில சென்னையில 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதுக்கு அப்புறம் தமிழக அரசு தமிழ் மட்டும் இருக்கிற ஃபாண்ட்டுக்கு 'டாம்', தமிழும் ஆங்கிலமும் சேர்ந்ததுக்கு 'டாப்'னு ரெண்டு தரத்தை அறிவிச்சது. இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற 'தமிழ்99' விசைப்பலகையும் அங்கே வந்ததுதான். அதே சமயம், பல நாடுகள்ல இருந்த தமிழர்கள் மின்னஞ்சல்லயே விவாதிச்சு 'டிஸ்கி'ன்னு இன்னொரு தரத்தை உருவாக்கினாங்க. ஒரே தரம் வேணும்னு ஆரம்பிச்சு மூணு வந்துருச்சு.

உண்மையான தீர்வு ஏற்கனவே பொறந்திருந்தது. 1991-ல வெளியான யூனிகோடோட முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. இதுல படத்தை மாத்தி ஏமாத்துற வேலை கிடையாது. 'த'ன்னா உலகத்துல எந்தக் கம்ப்யூட்டர்லயும் அது 'த'தான். ஃபாண்ட் மாறினா அழகு மாறும், எழுத்து மாறாது. ஆனா காகிதத்துல இடம் கிடைச்சது வேற, நம்ம மெஷினுக்கு வந்து சேர்ந்தது வேற. விண்டோஸ் 2000-லதான் 'லதா' ஃபாண்ட்டோட யூனிகோட் தமிழ் வந்தது. 2001-ல வந்த எக்ஸ்பியில இருந்தும், தானா வேலை செய்யாது. கன்ட்ரோல் பேனலுக்குள்ள போய் ஒரு பெட்டியில டிக் போடணும், அப்போ அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். கடையில யாரோ ஓஎஸ் போட்டுக் குடுத்த மெஷினுக்கு சிடிக்கு எங்க போறது? விஸ்டா வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிஞ்சது.

மூணாவது, 2005 ஏப்ரல்ல மத்திய அரசு தமிழ் ஃபாண்ட்களையும் மென்பொருள்களையும் ஒரு சிடியில போட்டு இலவசமாக் குடுத்தது. நாலாவது, 2010 ஜூன்ல கோவை செம்மொழி மாநாட்டையொட்டி தமிழக அரசு யூனிகோடையும் 'டேஸ் 16'ங்கிற இன்னொரு குறியீட்டையும் அதிகாரப்பூர்வத் தரமா அறிவிச்சது.

உத்தரவு போட்டாச்சு. ஆனா ஏற்கனவே அடிச்சு வச்ச ஃபைல் தானா மாறாதே!

2014: ஒரு மாநிலமே ஓஎஸ் மாத்தின வருஷம்

2014 ஏப்ரல் 8. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தின நாள். அதுக்கு அப்புறம் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. உலகம் முழுக்க அலுவலகங்கள் முழிச்சுக்கிட்டு நின்னப்போ, தமிழக அரசு அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தன்னோட துறைகளுக்கு ஒரு வழி சொன்னது: எக்ஸ்பிக்குப் பதிலா பாஸ் லினக்ஸுக்கு மாறலாம்னு. பாஸ்ங்கிறது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. சி-டாக் நிறுவனத்தோட சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சு உருவாக்கினது.

இது திடீர்னு வந்த யோசனை இல்ல. 2006-க்கு அப்புறம் எல்காட் நிறுவனத்துக்கு சி. உமாசங்கர் தலைமை வகிச்சப்பவே, அங்கே சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் வந்துருச்சு. 2011 செப்டம்பர்ல மாணவர்களுக்கு இலவச லேப்டாப் குடுக்கிற திட்டம் ஆரம்பிச்சப்போ, பல லேப்டாப்கள்ல விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தது. உங்கள்ல சில பேரோட முதல் கம்ப்யூட்டர் அதுவாத்தான் இருந்திருக்கும். ஆன் பண்ணினதும் எந்த ஓஎஸ் வேணும்னு ஒரு கறுப்புத் திரை கேட்குமே, அதேதான். விண்டோஸை மட்டும் வச்சுக்கலாம்னு அந்த லினக்ஸை அழிச்சவங்களும் ஏராளம்.

இந்த மாற்றத்துல நடுவுல மாட்டினது பழைய ஃபைல்கள்தான். எக்ஸ்பியில வானவில்லயும் பாமினியிலயும் அடிச்ச கடிதத்தை லினக்ஸ்ல திறந்தா, ஃபாண்ட்டை அங்கேயும் போட்டிருந்தாத்தான் தமிழ் தெரியும். அப்பவும் அதுக்குள்ள ஒரு பேரைத் தேட முடியாது. ஏன்னா உள்ள இருக்கிறது தமிழ் இல்ல, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். ஓஎஸ் மாத்துறதுல கஷ்டமான வேலை ஓஎஸ் போடுறது இல்லைன்னு அப்போ பல பேருக்குப் புரிஞ்சது.

ஒழுங்கா வீடு மாத்தினவங்க

இதைச் சரியாச் செஞ்ச ஒரு உதாரணம் உண்டு. 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கல் சமயத்துல, சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கினது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செஞ்சு இலவசமா இணையத்துல போட்டாங்க. அவங்களும் முதல்ல தனி ஃபாண்ட்லதான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் டிஸ்கிக்கு வந்து, அங்கேருந்து யூனிகோடுக்கு வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் முழு நூலகத்தையும் தூக்கிட்டுப் போனாங்க. அதனாலதான் இன்னைக்கு உங்க போன்ல சங்க இலக்கியத்துல ஒரு சொல்லைத் தேடினா கிடைக்குது.

அந்த மாதிரி மாத்துறதுக்குக் கருவிகளும் வந்தன. சுரதாவோட 'பொங்குதமிழ்' மாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவோட என்எச்எம் கன்வெர்ட்டர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மாற்றி. எல்லாமே இலவசம். ஜேகேபிஓவை உள்ள போட்டு, இது பாமினின்னு சொன்னா, 'தமிழ்' வெளிய வரும். இங்கே கவனிங்க, எந்த ஃபாண்ட்ல அடிச்சதுன்னு தெரிஞ்சாகணும். அதைச் சொல்லத்தான் இன்னைக்கு ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது.

'கீப் மை ஃபைல்ஸ்'

இதுக்கு நடுவுல மைக்ரோசாஃப்டும் சும்மா இல்ல. ஃபார்மட் அடிக்காமலே ஓஎஸ்ஸைப் புதுசாக்குற வழிகளைக் கொண்டு வந்தது. 2012-ல விண்டோஸ் 8-ல 'ரெஃப்ரெஷ்'னு ஒண்ணு. ஃபைல் அப்படியே இருக்கும், ஆனா நீங்க வெளியிலிருந்து போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போயிரும். எதெல்லாம் போச்சுன்னு ஒரு பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்ல வச்சுட்டுப் போகும். விண்டோஸ் 10-ல அது 'ரீசெட் திஸ் பிசி' ஆச்சு.

ஃபைலும் சாஃப்ட்வேரும் ரெண்டும் இருக்கணும்னா வழி வேற. விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அதே பதிப்போட இன்ஸ்டாலரைத் திறந்து 'செட்டப்'பை ஓட்டணும். 'பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' ரெண்டையும் வச்சுக்கன்னு சொன்னா, அடியில ஓஎஸ் மட்டும் மாறும். 2024-ல இதையே விண்டோஸ் 11 அமைப்புகளுக்குள்ள, விண்டோஸ் அப்டேட் மூலமாவே செய்யிற பொத்தானா வச்சுட்டாங்க. ஆனா மெஷின் பூட் ஆகணும். பூட்டே ஆகலைன்னா இந்த வழி கிடையாது.

சரி, கம்பெனியே "உங்க ஃபைல் பத்திரம்"னு சொன்னா நம்பிரலாமா? 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. சில பேரோட 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர்ல இருந்த ஃபைல்கள் காணாமப் போச்சு. ஃபோல்டரை வேற இடத்துக்கு மாத்தி வச்சிருந்தவங்களோட பழைய ஃபோல்டரை, காலியா இருக்கும்னு நினைச்சு அந்த அப்டேட் அழிச்சுருச்சு. சில நாள்லயே அதை நிறுத்தி வச்சாங்க. சி வேண்டாம், டி-யில வைப்போம்னு முன்ஜாக்கிரதையா இருந்தவங்கதான் அதுல அதிகம் மாட்டினாங்க. பேக்கப்புங்கிறது அதே டிஸ்க்ல இன்னொரு பிரிவு இல்ல, வேற டிஸ்க். டிஸ்க்கே செத்துட்டா சி என்ன, டி என்ன?

இப்போ ஏன் இந்தக் கதை?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும், ஓரளவு புது பிராசசரும் வேணும். அதனால பழைய கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமா ஒண்ணு அழிக்கப்படுது, இல்ல லினக்ஸுக்குப் போகுது, இல்ல காயலான் கடைக்குப் போகுது. 2014 மறுபடி நடக்குது.

உங்க அப்பாவோட ஜெராக்ஸ் கடை மெஷினோ, ஊர்ல சித்தப்பாவோட டிடிபி மெஷினோ அந்த வரிசையில இருந்தா, ஃபார்மட்டுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணையும் வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுங்க. இன்ஸ்டால் ஆகியிருக்கிற சாஃப்ட்வேர் பட்டியலை போட்டோ எடுத்து வைங்க, சீரியல் நம்பர் எங்க இருக்குன்னு தேடுங்க. டிஸ்க்ல பிட்லாக்கர் பூட்டு இருந்தா அதோட மீட்பு எண்ணைக் கையில வச்சுக்கிட்டுத் தொடங்குங்க. காப்பி ஆன ஃபைல்ல நாலைஞ்சை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. முக்கியமா, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரை முழுசா காப்பி எடுங்க. சில எம்பிதான் இருக்கும், இல்ல சில நூறு எம்பி. உங்க ஃபைலோட சாவி அதுதான்.

ஏற்கனவே புது ஓஎஸ் போட்டாச்சா? டிஸ்க்கை ஃபார்மட் அடிக்காம மேலேயே போட்டிருந்தா, சி-யில 'விண்டோஸ் டாட் ஓல்டு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய ஃபாண்ட் எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். பொதுவா 10 நாள் வரைக்கும்தான், அப்புறம் விண்டோஸே அதைச் சுத்தம் பண்ணிரும்.

பிறகு நேரம் கிடைக்கும்போது, முக்கியமானதை யூனிகோடுக்கு மாத்துங்க. பேஜ்மேக்கர்ல செஞ்ச வேலை இருந்தா இன்னும் அவசரம். அதோட கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல வந்தது, இன்னைய இன்டிசைன் அந்த ஃபைல்களைத் திறக்கிறதில்ல. பழைய மெஷின் உயிரோட இருக்கும்போதே பிடிஎஃப் ஒண்ணும், எழுத்தை மட்டும் தனி ஃபைலாவும் எடுத்துருங்க.

இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-ல அச்சுல வந்தது. அந்தப் புத்தகம் இன்னைக்குக் கையில கிடைச்சா, விரிச்சுப் படிக்கலாம். அதுக்கு இருபது வருஷம் கழிச்சு அதே கரிசல்ல ஒரு பள்ளிக்கூடம் போட்ட விழா மலர், ஒரு கோயில் கமிட்டி அடிச்ச தலவரலாறு, யாரோ ஒரு வாத்தியார் தட்டச்சு பண்ணி வச்ச ஊர்க்கதை, எங்கேயோ ஒரு சிடியில ஜேகேபிஓன்னு கிடக்கு. அதெல்லாம் எந்த நூலகத்துலயும் கிடையாது. அதைத் திறக்கத் தெரிஞ்ச தலைமுறை இன்னும் இருக்கு, மாத்துற கருவி இலவசமா இருக்கு. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கிற காலம் ரொம்ப நீளமானதா இருக்காது.

ஊருக்கு ஒரு போன் போட்டு, "அந்தப் பழைய சிஸ்டத்துல எந்த ஃபாண்ட்ல அடிச்சீங்க?"ன்னு கேளுங்க. பதிலை ஒரு காகிதத்துல, பேனாவால எழுதி வைங்க.